கழிச்சிக் குடுத்த காசு

அன்னிக்குக் காலையில அந்த வூட்ல ரெண்டு உலை கொதிச்சிச்சி. ஒரே அடுப்பங்கரதான், ஆனா ரெண்டு உலை. மேல கேஸ் அடுப்புல மருமவ சகாயசெல்வி வச்சது ஒண்ணு. கீழ தரையில மண்ணெண்ண ஸ்டவ்வுல மாமியா அந்தோணியம்மா வச்சது இன்னொண்ணு. ஸ்டவ்வு புகைஞ்சி வூடு பூரா நாத்தம். செல்விக்கு சிதம்பரம் பஸ்ஸப் புடிக்கணும். கண்ணக் கசக்கிக்கிட்டே டிபன் பாக்ஸ் கட்டிக்கிட்டு நிக்கிறா.

"அத்த, இந்தப் புகையில ஒக்காந்தா உங்களுக்கு இளைப்பு வந்துரும். நான் வடிச்ச சோறுதான் இருக்கே..."

"உஞ்சோறு உங்கிட்டயே இருக்கட்டும். வட்டிக் காசுல வாங்குன அரிசி எந்தொண்டையில எறங்காது. எனக்கு என் முதியோர் பென்ஷன் போதும்."

பொண்ணு மேரி ஷாலினி, ப்ளஸ் டூ படிக்கிறவ, தட்ட வச்சிக்கிட்டு ரெண்டு பேத்துக்கும் நடுவுல நிக்கிறா. "ஆயா, நான் எந்த உலையில சாப்புடறது?"

"நீ உங்கம்மா பெத்த பொண்ணு. அங்கயே கொட்டிக்க."

ஷாலினி தட்ட டங்குன்னு வச்சிட்டு வெறும் வயித்தோட ஸ்கூலுக்குப் போயிட்டா. வூட்டுக்காரன் சவரிராயன், சிப்காட்ல ஒரு கம்பெனியில பிட்டரு, பின்பக்கம் கண்ணாடி பாத்து ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தான். எல்லாம் அவங்காதுல வுழுந்துச்சி. ஒரு வார்த்த பேசணுமே... கன்னத்துக்கு சோப்புப் போடறதுலயே இருந்தான். அதப் பாத்துதான் செல்வி டிபன் பாக்ஸ் மூடிய டப்புன்னு அழுத்துனா. மாமியா பேசறதக்கூடத் தாங்கிக்கலாம். தாலி கட்டுனவன் கண்ணாடியப் பாத்துக்கிட்டு நிக்கிறத எப்பிடிங்க தாங்குறது?

அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தத சொல்லாம இது புரியாது. அது ரெண்டாயிரத்து எட்டு அக்டோபர் மாசம். அக்டோபருன்னா கோயில்ல செபமால மாசம். கடலூர் ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, அவுங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலமானா மாதா சொரூபத்த ஒரு வூட்டுக்குத் தூக்கியாருவாங்க. அங்க செபமால சொல்லி, சுண்டல் குடுத்து, மாதா அன்னிக்கி ராத்திரி அந்த வூட்ல தங்கும். மறுநாள் அடுத்த வூடு. இப்பிடியே மாசம் பூரா தெருவ சுத்திவரும். அந்த முந்தின நாள் இவுங்க வூட்டு மொற.

செல்வி ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு சீக்கிரமா வந்தா. வூட்டக் கழுவுனா, மேசைக்கு வெள்ளத் துணி விரிச்சா, மல்லியப்பூ வாங்கி வச்சா, கொண்டக்கடல சுண்டல் ஒரு குண்டான் நெறைய செஞ்சா. மெழுகுவத்தியப் புடிச்சிக்கிட்டு வாசல்ல நின்னா. பாட்டு சத்தம் கிட்ட வந்துச்சி. மாதா பக்கத்து வூட்டு கேட்ட தாண்டுச்சி. இவ ஒரு அடி முன்ன வச்சி கைய நீட்டுனா... தூக்கியாந்த பொம்பளைங்க இவ மூஞ்சப் பாக்காம அப்பிடியே தாண்டிப் போயி அடுத்த வூட்ல எறக்குனாங்க. பாட்டு மட்டும் நிக்கவே இல்ல. மெழுகு உருகி இவ கைமேல வழிஞ்சிச்சி.

அப்பறந்தான் தெரிஞ்சிது. அந்தோணியம்மாவே முந்தி போயி சொல்லிட்டு வந்துருக்கு. "எங்க வூட்டுக்கு மாதாவக் கொண்டாராதீங்க. அங்க கழிவு வட்டி காசு கெடக்கு. அந்தக் காசு இருக்கற எடத்துல எந்தாயி தங்க மாட்டா."

ஏன் அப்பிடி சொன்னிச்சி? அதுக்கும் ஒரு கத இருக்கு. அந்தோணியம்மா வூட்டுக்காரரு டைலரு. நல்ல மனுஷன். ஒரு பொங்கல் சமயம் துணி எடுக்கறதுக்கு ஒருத்தங்கிட்ட கடன் வாங்குனாரு. அவன் கழிவு வட்டிக்காரன். பத்தாயிரம் கேட்டா வட்டிய மொதல்லயே கழிச்சிக்கிட்டு ஒம்பதாயிரத்த கையில குடுப்பான், தவண முடிஞ்சா முழுசா பத்தாயிரத்த வாங்கிப்பான். ஒரு தவண தவறுனா இன்னொரு கழிவு. அப்பிடியே ஏறிப்போயி, ஒரு நாள் ஆளுங்கள கூட்டியாந்து தையல் மெஷின தூக்கிட்டான். அண்டா, தவல, கொடம், எல்லாத்தையும் தெருவுல எடுத்துப் போட்டான். மாதா சொரூபத்தக்கூட தூக்கியாந்து தெருவுல வச்சிட்டுப் போனான். தெருவே வேடிக்க பாத்துச்சி. அந்த அவமானத்துல படுத்தவருதான், எந்திரிக்கவே இல்ல. அன்னிக்கிலருந்து கழிவு வட்டின்னு காதுல வுழுந்தா போதும், அந்தோணியம்மாவுக்கு ஒடம்பு ஆடும்.

சரி, செல்வி என்னா செஞ்சா? அவ அண்ணாமலை நகர்ல யுனிவர்சிட்டியில கிளார்க்கு. டெய்லி கடலூருலருந்து பஸ்ல போயி வரா. சம்பளத்துல வூட்டுக்குக் குடுத்தது போவ வருஷக்கணக்கா மிச்சம் புடிச்ச காச, பக்கத்து பேங்குல ட்ரஷரி பில்லுல போட்டு வச்சிருந்தா. அந்த வழிய காட்டுனது கூட வேல பாக்குற லோகநாயகி. அது வூட்டுக்காரரு சபாபதி அந்த பேங்குலதான் இருக்காரு.

ட்ரஷரி பில்லுன்னா பயப்படாதீங்க, பெரிய கம்பசூத்திரம் இல்ல. கவர்மெண்டுக்கு செலவுக்குக் கை கடிச்சா கொஞ்ச நாளைக்கி கடன் வாங்கும். புதன்கெழமயானா பம்பாயில ஏலம். நூறு ரூவா பில்ல தொண்ணூத்தெட்டு சொச்சம் குடுத்து எடுக்கலாம். மூணு மாசம் போனா முழுசா நூறு ரூவா நம்ம கணக்குல வந்து வுழுந்துரும். நடுவுல வட்டின்னு தனியா ஒண்ணும் வராது, அந்தக் கொறச்சக் காசுதான் வட்டி. பேங்கு வழியா நம்மள மாதிரி ஆளுங்களும் வாங்கலாம், ஆனா ஒரேடியா இருபத்தஞ்சாயிரமாவது போடணும். அதனால இது நெறைய பேத்துக்குத் தெரியாது.

இப்ப பாருங்க, சவரியோட தம்பி டேனி செல்போன் ரீசார்ஜ் கடை வைக்கணும்னு அண்ணிகிட்ட பணம் கேட்டான். அவ, "இப்ப கையில இல்லடா டேனி. பணம் வெளிய நிக்கிது. மூணு மாசம் போவட்டும்"ன்னா. வெளிய நிக்கிதுன்னு யாரு சொல்லுவா? வட்டிக்காரிதான் சொல்லுவா. அந்த வாரமே லோகநாயகிகிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தா. "தொண்ணூத்தெட்டு குடுத்தா நூறா வந்துருதுல்ல... கழிச்சிதான குடுக்குறோம், அது போதும்... மூணு மாசத்துக்கு மேல வுடாத லோகா, எனக்குக் காசு கைக்கு வந்தாவணும்." கதவுக்குப் பின்னால டேனி நின்னான். நேரா அம்மாகிட்ட போயி, அண்ணி ஆபீஸ்ல அந்த லோகநாயகிக்குக் கழிவு வட்டிக்கி வுடுறாங்கன்னு ஊதிட்டான்.

மாதா வர்றதுக்கு நாலு நாள் முன்ன, அன்னிக்கி சாயங்காலமே அவள நடு வூட்ல நிக்க வச்சி கேட்டாங்க.

"செல்வி, நீ பணத்த வெளிய உட்டுருக்கியா?" சவரிதான் ஆரம்பிச்சான்.

"ஆமா மாமா. நானே உங்ககிட்ட சொல்லணும்னு..."

"கழிச்சிக்கிட்டா குடுக்குற?"

"கழிச்சிதான். ஆனா அது..."

"கேட்டியாடா" ன்னு அந்தோணியம்மா மார்ல அடிச்சிக்கிச்சி. "அவ வாயாலயே சொல்லிட்டா கேட்டியா... உங்கப்பன எந்தக் கழிவு கொன்னுச்சோ அந்தக் கழிவ எம் மருமவ வாங்குறாடா."

"அத்த, நான் மனுசங்களுக்குக் குடுக்கல. கவர்மெண்டுக்குக் குடுத்துருக்கேன்."

டேனி களுக்குன்னு சிரிச்சான். "ஆமா அண்ணி, கவர்மெண்டு நம்ம வூட்டு வாசல்ல வந்து தலைய சொறிஞ்சிக்கிட்டு நிக்கிது. அண்ணி அண்ணி ஒரு அம்பதாயிரம் குடுங்கன்னு."

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா செல்வி?" ன்னான் சவரி.

அவ அவனயே பாத்தா. "நாளைக்கி எங்கூட பேங்குக்கு வாங்க. உங்க கண்ணால பாருங்க. ஒரு நாள் லீவு போட்டா போதும்."

"எனக்கு வேற வேல இல்லியா?"

அவ்ளோதான். அதோட வாய மூடிக்கிட்டா. உண்மைய சொல்லியாச்சி, வந்து பாருன்னும் சொல்லியாச்சி. நம்பாதவங்க கால்ல வுழுந்து நம்பவைக்க அவளுக்கு மனசு வரல. மாமியா ஸ்டவ்வு வாங்கியாந்து தனி உலை வச்சப்பக்கூட அவ ஒண்ணும் சொல்லல. ஆனா மாதா வாசலத் தாண்டிப் போனது இருக்கே... பொறந்ததுலருந்து அவ கும்புடற தாயி. தெருவே அவள இனிமே எப்பிடிப் பாக்கும்? ஷாலினிக்கி நாளைக்கி ஒரு எடம் வந்தா என்னா சொல்லும்?

அந்த எரிச்சலோடதான் அன்னிக்கி பஸ் ஏறுனா. டிபன் பாக்ஸ் மடியில சூடா இருந்துச்சி.

மத்தியானம் ஆவல. ஆபீஸ்ல பைலு பாத்துக்கிட்டு இருக்கா, வாசல்ல ஒரு நெழலு. நிமுந்து பாத்தா... அந்தோணியம்மா. ஒரு கையில கொட, ஒரு கையில ஒயரு கூட. வேர்த்து வடிஞ்சி நிக்கிது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, வழி கேட்டுக் கேட்டு அங்க வந்துருக்கு. செல்வி இருக்கற பக்கம் திரும்பவே இல்ல.

"இங்க லோகநாயகி யாரு?"

"நான்தாங்கம்மா. என்னா வேணும்?"

அந்தோணியம்மா நேரா அது மேசைக்கிப் போயி கையப் புடிச்சிக்கிச்சி. "நீ எவ்ளோம்மா வாங்குன?"

"என்னா வாங்குனேன்?"

"எம் மருமவகிட்டதாம்மா. மறைக்காத. எவ்ளோ கழிச்சிக்கிட்டுக் குடுத்தா? பயப்படாம சொல்லு. நான் அவ மாமியா சொல்றேன், கையில எவ்ளோ வாங்குனியோ அத மட்டும் திருப்பிக் குடு, போதும். கழிவ குடுக்காத. உன் வூட்டுப் பாத்திரத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க. வந்தா நான் குறுக்க படுத்துக்கறேன். இன்னும் யாரு யாரு வாங்கிருக்காங்க சொல்லு, எல்லாருகிட்டயும் சொல்லிட்டுதான் போவேன்."

ஆபீஸே எழுந்து நின்னு பாக்குது. செல்வி பைல மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கிட்டா. வூட்ல பேசுனது பத்தல, தெருவுல பேசுனது பத்தல, இப்ப சோறு போடற எடத்துக்கே வந்து மானத்த வாங்கியாச்சி.

லோகநாயகி மொதல்ல சிரிச்சிடுச்சி. அப்பறம் அந்தக் கெழவி கைய வுடாம புடிச்சிருக்கறதப் பாத்து சிரிப்ப நிறுத்திக்கிச்சி. "அம்மா, நான் சல்லிக்காசு வாங்கல. உங்க மருமவகிட்ட கடன் வாங்குன ஆளக் காட்டுறேன், வாங்க எங்கூட. செல்வி, நீயும் வா. ஏ, எந்திரிடி."

பேங்கு நாலு கட்டடம் தள்ளிதான். சபாபதி சேர் போட்டு, தண்ணி குடுத்தாரு. விஷயத்தக் கேட்டதும் அவருக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சி.

"அம்மா, உங்க மருமவகிட்ட கடன் வாங்குனது டெல்லியில இருக்கற கவர்மெண்டு. நெசமாத்தான். இவுங்ககிட்ட மட்டும் இல்ல, பெரிய பெரிய பேங்குங்ககிட்ட எல்லாம் வாங்குது. வாரா வாரம் வாங்குது."

"கவர்மெண்டு ஏன்ய்யா கடன் வாங்குது? அதுகிட்ட இல்லாத காசா?"

"வரி வர்றது ஒரு நேரம், செலவு வர்றது ஒரு நேரம். நம்ம வூடு மாதிரிதான்."

"கழிவு?"

"கழிவு உண்டு. ஆனா எவ்ளோ கழிவுன்னு ஏலத்துல முடிவாவுது. கவர்மெண்டே ஒத்துக்கிட்டு எடுக்குது. யாரு கழுத்தையும் யாரும் நெரிக்கல."

அந்தோணியம்மா யோசிச்சிச்சி. "அது திருப்பிக் குடுக்கலன்னா? யாரு போயி அண்டாவத் தூக்குவா?"

"குடுத்துரும்மா. இதுவரைக்கும் உங்க மருமவளுக்கு ஒரு தடவகூட தவறல." அவரே திருப்பிக் கேட்டாரு, "உங்களுக்கு முதியோர் பென்ஷன் வருதா?"

"வருது. அதுலதான் இப்ப அரிசி வாங்கி தனியா பொங்குறேன். இவ காசு வேணாம்னு."

"அது எங்கருந்து வருது? கவர்மெண்டுகிட்டருந்துதான. வரிக் காசும் கடன் காசும் எல்லாம் ஒரே குண்டான்லதான் கெடக்குது. உங்க மருமவ குடுத்த காசும் அதுல எங்கனாச்சும் ஒரு மூலையில கெடக்கும். நீங்க தனியா பொங்குனாலும் அவுங்க காசுலதாம்மா பொங்குறீங்க."

லோகநாயகி புடவத் தலப்ப வாயில வச்சி சிரிப்ப அடக்குச்சி. அந்தோணியம்மா தண்ணி டம்ளர கீழ வச்சிச்சி. மூஞ்சி செத்துப்போச்சி. மெதுவா மருமவ பக்கம் திரும்புச்சி.

"சகாயம்... இது இவ்ளோ நல்ல காசுன்னா நீ ஏண்டி எடுத்து சொல்லல?"

"சொன்னேன்" ன்னா செல்வி.

சபாபதி நெலமைய சமாளிக்கறதுக்குன்னு வாய வுட்டாரு. "நானும் இவுங்ககிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துட்டேம்மா. ஒரு வருஷத்து பில்லும் இருக்கு, வாட்டி வாட்டி வந்து அலைய வேணாம், அதுல போடுங்கம்மான்னு. கேக்க மாட்டாங்க. மூணு மாசம்தான் வேணும்பாங்க."

"ஏண்டி?" ன்னிச்சி மாமியா. "ஏன் மூணு மாசம்?"

அந்தக் கேள்விதான். அத்தன வருஷமா யாரும் கேக்காத கேள்வி. செல்வி மாமியாள நேரா பாத்தா. சத்தம் போடல, ஆனா பேங்குல எல்லாருக்கும் கேட்டுச்சி.

"ஏன்னா அத்த, அந்த வூட்ல நான் மூணு மாசத்துக்கு மேல இருப்பேனான்னு எனக்குத் தெரியாது. அதான்."

"என்னாடி பேசற?"

"மறந்துட்டீங்களா? ஷாலினி கைக்கொழந்த. கல்யாணத்துல எங்கப்பா தர்றதா சொன்ன வண்டிய வாங்கித் தரலன்னு எம் பொட்டிய தூக்கியாந்து தெருவுல வச்சீங்க. கொழந்தையும் நானும் அந்தப் பொட்டி மேல ஒக்காந்து கெடந்தோம். தெருவே பாத்துச்சி. உங்க புள்ள அன்னிக்கும் உள்ள நின்னாரு. அப்பறம் நீங்களா வந்து வா உள்ளன்னீங்க. நானும் வந்துட்டேன், எங்க போறது? ஆனா பொட்டிய பிரிக்கல. இன்னிக்கி வரைக்கும் கட்டிலுக்கு அடியில கட்டுனது கட்டுனபடி கெடக்கு, போயி பாருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ காசு கைக்கு வரும். வந்தா யோசிப்பேன், போயிரலாமா, இருக்கலாமான்னு. சரி, ஷாலினி பரிச்ச முடியட்டும். சரி, மாமாவுக்குக் கம்பெனியில லே ஆப், இப்ப போனா நல்லா இருக்காது. சரி, அத்தைக்கி மூச்சு இளைக்கிது. இப்பிடி சொல்லிச் சொல்லி திரும்பவும் மூணு மாசம் போடுவேன். எஸ்.பி. கணக்குல சும்மா போட்டு வச்சா ஏ.டி.எம். கார்ட உங்க புள்ள எடுத்துக்குவாரு, தம்பிக்குத் தூக்கிக் குடுப்பாரு. அதனால இங்க வச்சேன்."

அவ கண்ணத் தொடைக்கல. வழிஞ்சது பாட்டுக்கு வழிஞ்சிச்சி.

"உங்க பாத்திரத்த ஒருத்தன் தெருவுல வச்சான், உங்களுக்கு இன்னும் ஆறல. எம் பொட்டிய நீங்க தெருவுல வச்சீங்க அத்த. எனக்கு மட்டும் ஆறிடுமா? நேத்து மாதாவையும் தாண்டிப் போவ வச்சீங்களே..."

கெழவி சேர்லருந்து எந்திரிச்சி கைய நீட்டுச்சி, மருமவ தலையில வைக்கறதுக்கு. செல்வி ஒரு அடி பின்னால நவுந்துக்கிட்டா.

"எங்கிட்ட ஒண்ணும் வேணாம் அத்த. எங்க போயி சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க."

செல்வி அர நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு மாமியாளோட பஸ் ஏறுனா. ரெண்டு பேரும் ஒரே சீட்டு. வெள்ளாத்துப் பாலம் தாண்டுச்சி, பி.முட்லூர் தாண்டுச்சி. அந்தோணியம்மா சன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்துச்சி. புதுச்சத்திரம் கிட்ட வர்றப்போ கைய நீட்டுச்சி.

"அந்த டிபன் பாக்ஸ இப்பிடி குடு."

"அது காலையில கட்டுனது. ஆறிப்போச்சி."

"குடுடின்னா."

ஆடுற பஸ்ல, மடியில வச்சி, மூடியத் தொறந்து, செல்வி வடிச்ச சோத்த ஒரு பருக்க வுடாம சாப்புட்டிச்சி. கண்ணுத் தண்ணியும் அதுலதான் வுழுந்துச்சி. கண்டக்டரு, "ஏம்மா, வூட்டுக்குப் போயி சாப்புடக் கூடாதா?" ன்னான். "எம் மருமவ சோறு, நான் எங்க வேணா சாப்புடுவேன், நீ டிக்கெட்டக் கிழி" ன்னிச்சி. செல்விக்கு சிரிப்பு வந்துச்சி. வெளிய காட்டிக்கல. அவ்ளோ சுளுவா வுட்டுருவாளா?

சாயங்காலம் தெருக்கோடியில ஒரு வூட்ல செபமால. முடியற நேரம் அந்தோணியம்மா எந்திரிச்சி மாதாவுக்குப் பக்கத்துல போயி நின்னுச்சி. செல்வி வாசல்ல, செருப்புங்க கெடந்த எடத்துல நின்னா.

"எல்லாரும் கேளுங்க. எம் மருமவ வட்டிக்கி வுடுறான்னு நான்தான் சொன்னேன். பொய்யி. அவ யாரு குடியையும் கெடுக்கல. சம்பாரிச்சத மிச்சம் புடிச்சி கவர்மெண்டுக்குக் குடுத்துருக்கா. நான் விசாரிக்காம பேசிட்டேன். எம் பாத்திரத்த தெருவுல வச்சவன இருவது வருஷமா சபிச்சேன், ஆனா அதே வேலைய நான் அவளுக்கு செஞ்சிட்டேன். அவ பொட்டிய தெருவுல வச்சவ நானு. அது இன்னும் கட்டிலுக்கு அடியில பிரிக்காம கெடக்குதாம். நேத்து மாதாவ திருப்பியனுப்புனதும் நானு. அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

தெருவுல செபத்தையெல்லாம் முன்ன நின்னு நடத்துற அன்பியத் தலைவியம்மா தொண்டைய செருமுனாங்க. "சரி அந்தோணியம்மா, நடந்தது நடந்து போச்சி. ஆனா உங்க மொற நேத்தோட முடிஞ்சிருச்சே..."

"அப்ப கடைசி நாளு ராத்திரி எங்க வூட்ல. எங்க வூட்லருந்துதான் மாதா கோயிலுக்குப் போவணும். இல்லன்னா நான் இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்."

கெழவியப் பத்தி தெருவுக்குத் தெரியும். ஒத்துக்கிட்டாங்க.

வூட்டுக்கு வந்தா சவரி வந்துட்டான். யாரோ அதுக்குள்ள போயி சொல்லிருக்காங்க. கட்டிலுக்கு அடியிலருந்து அந்தப் பொட்டிய இழுத்துப் போட்டு, தொறந்து வச்சிக்கிட்டு தரையில ஒக்காந்துருந்தான். ரெண்டு புடவ, ஷாலினியோட சின்ன சின்ன சட்ட, அவளுக்கு இப்ப கையிகூட நொழையாது, ஒரு செபமால. அத்தன வருஷமும் அவன் படுத்துத் தூங்குன கட்டிலு. அதுக்கு அடியில இது.

"செல்வி..." ன்னான். "நான் உன்ன அடிச்சதில்ல, குடிச்சதில்ல..."

"ஆமா. ஒண்ணுமே செஞ்சதில்ல. வாய்கூட தொறந்ததில்ல. பேங்குக்கு வாங்கன்னேன், வேற வேல இல்லியான்னீங்க. எழுவது வயசுல உங்கம்மா கொடையப் புடிச்சிக்கிட்டு பஸ் ஏறி வந்தாங்க. என்னத் திட்டறதுக்குத்தான் வந்தாங்க, ஆனா வந்தாங்க. நீங்க வரல மாமா."

அவன் மூஞ்சப் பொத்திக்கிட்டு அழுதான். அவ அழுவ வுட்டா.

"இத பிரிச்சி பீரோவுல வச்சிரட்டுமா?" ன்னான் கடைசியில.

"வேணாம். நான் கட்டுனது, நானே பிரிப்பேன். எப்பன்னு எனக்குத் தெரியும்."

டேனி வாசல்ல நின்னு தலைய சொறிஞ்சான். "அண்ணி, மன்னிச்சிருங்க. ஆனாலும் கவர்மெண்டுக்கு நம்பிக் குடுக்குறீங்க, எனக்குக் குடுக்க மாட்டேங்கிறீங்க."

"கவர்மெண்டு திருப்பிக் குடுக்குது டேனி."

ஷாலினிதான் மொதல்ல சிரிச்சா. அப்பறம் அந்தோணியம்மா. ஸ்டவ்வ மண்ணெண்ணெயோட தூக்கி பரண்மேல போடச் சொல்லி டேனிய வெரட்டுச்சி.

கடைசி நாளு மாதா வந்துச்சி. அந்தோணியம்மாவே தெருமொனையில போயி சொரூபத்த வாங்கி தூக்கியாந்துச்சி. மூச்சு வாங்குது, யாருகிட்டயும் குடுக்க மாட்டேங்குது. வாசல்ல வந்து நின்னு, உள்ள போவாம, செல்வி கையில குடுத்துச்சி. "நீ உள்ள கொண்டு போ. இது உன் வூடு." ரெண்டு பேரும் மாதாவ நடுவுல வச்சிக்கிட்டு அப்பிடியே கட்டிக்கிட்டு அழுதாங்க. தெருவே பாத்துச்சி. பாக்கட்டும்னு வுட்டாங்க.

ஜனவரியில பில்லு முடிஞ்சிது. காசு முழுசா வந்து வுழுந்துச்சி. சபாபதி இவுங்க வூட்டு நம்பருக்கே போன் பண்ணாரு. பக்கத்துல சவரி சட்டைக்கி பட்டன் போட்டுக்கிட்டு இருந்தான், அன்னிக்கி அவன் லீவு. பேங்குக்கு அவளோட வர்றதுக்குன்னு அவனா போட்ட லீவு.

"என்னாம்மா, வழக்கம்போல மூணு மாசந்தான?"

செல்வி திரும்பிப் பாத்தா. அடுப்பங்கரையில ஒரே உலை கொதிச்சிக்கிட்டு இருந்துச்சி.

"இல்லண்ணா. ஒரு வருஷத்துக்குப் போடுங்க."

உள்ளருந்து அந்தோணியம்மா சத்தம் வந்துச்சி. "ஒரு வருஷம்னா கழிவு ஜாஸ்தி வருமில்ல? நல்லா கழிச்சி குடு, கவர்மெண்டுதான, தாங்கும்."

சவரி பட்டன வுட்டுட்டு அவளப் பாத்தான். "ஒரு வருஷந்தானா செல்வி? பேங்குல அஞ்சு வருஷ டெபாசிட்டுகூட இருக்காமே."

அவ போன வச்சா. பொட்டிய கட்டிலுக்கு அடியிலருந்து இழுத்து, அந்த ரெண்டு புடவையில ஒண்ண எடுத்து ஒதறி, கொடியில போட்டா. இன்னொண்ணு பொட்டியிலயே இருந்துச்சி.

"மொதல்ல ஒரு வருஷம் பாப்போம்" ன்னா.